பழைய 268 வாளுக்கு எந்த வேலை செய்தால் லாபம்

அக்கா மகன் போன மாதம் ஒரு சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். உள்ளே ஹஸ்க்வர்னா 268, மரம் அறுக்கிற பெட்ரோல் செயின் வாள். களியல் பக்கம் ஒரு எஸ்டேட்டில் பழைய சாமான்களை ஏலம் விட்டபோது எடுத்தானாம். திண்ணையில் வைத்துவிட்டு மூச்சு வாங்குவதற்கு முன்னமே, "மாமா, இதை 272 ஆக்கிரலாமா?" என்று கேட்டான். 272 என்பது இதே குடும்பத்தில் கொஞ்சம் பெரிய எஞ்சின் உள்ள வாள். ராத்திரி முழுக்க வீடியோ பார்த்திருக்கிறான் என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

அவன் கேட்ட கேள்வியை மரம் முறிக்கிற பையன்கள் நிறையப் பேர் கேட்கிறார்கள். அருமனை, குலசேகரம், பனச்சமூடு என்று கேரள எல்லைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் எங்கே பார்த்தாலும் இந்தப் பழைய வாள்கள் ஒன்றிரண்டு கிடக்கின்றன. சைலன்சரை வெட்டலாம், சிலிண்டரைக் கடையலாம், பெரிய சிலிண்டர் போடலாம், இல்லை தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கலாம். என்னிடம் இதே 268 பதினைந்து வருஷமாக இருக்கிறது, செய்யக்கூடாதது உட்பட எல்லாம் செய்து பார்த்தாயிற்று. அதனால் எது தேறும், எது தேறாது என்று கொஞ்சம் தைரியமாகவே சொல்கிறேன்.

முதலில் வாளுக்கு வேலை என்ன என்று பார்க்கணும். அவனுக்குப் பெரும்பாலும் ரப்பர். 25, 30 வருஷம் ஆன மரம், கடும்வெட்டு, அதாவது கடைசியாக மிச்சப் பாலையும் எடுக்கிற வெட்டு, முடிந்து முறிக்க விட்டது. மூடு, அதாவது அடிமரம், பெரும்பாலும் ஒரு அடி, ஒன்றேகால் அடிக் கனம்தான் இருக்கும். செயின் ஓடுகிற 20 இஞ்ச் தகடு, அதாவது பார், முழுக்க மரத்துக்குள் புதைகிற வேலையே இல்லை. இங்கே வாளைத் திணறடிப்பது மரத்தின் கடினம் அல்ல. பால் உறைந்து, செயினைச் சுற்றுகிற பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் மூடிக்குள் கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்வதும், பாருக்கு எண்ணெய் வரும் துளை அடைபடுவதும், பட்டையில் பிடித்திருக்கிற மண் செயின் பல்லைத் தின்பதும்தான். இடையில் ஒரு புளியோ, வீட்டுக்கு மேல் சாய்ந்த ஒரு அயனியோ வரும்போது மட்டும்தான் எஞ்சினின் இழுவை என்று ஒன்று வேண்டியிருக்கிறது. இதை மனசில் வைத்துக்கொண்டால் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

பாறசாலையில் ஒரு ஆசான் இருக்கிறார், பழைய டூ-ஸ்ட்ரோக் எது போனாலும் வாங்கிப் பார்ப்பார். நான் முதன்முதலில் பவர் ஏற்றணும் என்று போனபோது வாளை வாங்கி ஸ்டார்ட்டர் கைப்பிடியைப் பிடித்து அந்தரத்தில் தொங்கவிட்டார். நல்ல கம்ப்ரஷன் இருந்தால் வாள் கயிற்றில் தயங்கித் தயங்கி, ஒரு தட்டு, நின்று இன்னொரு தட்டு என்றுதான் இறங்கும். என்னுடையது கிணற்று வாளி மாதிரி சர்ரென்று இறங்கியது. "ஆத்யம் லீக்கு நோக்கு, பவரொக்கெ பின்னெ" (முதலில் லீக்கைப் பார், பவரெல்லாம் பிறகு) என்று சொல்லிவிட்டுச் சாயா குடிக்கப் போய்விட்டார். அன்றைக்குக் கோபம்தான் வந்தது. இன்றைக்கு அவர் சொன்னதைத்தான் அக்கா மகனிடம் நானும் சொன்னேன்.

ஏனென்றால் முப்பது நாற்பது வருஷ வாளில் கிராங்க்கின் இரண்டு பக்கமும் இருக்கிற ஆயில் சீல் காய்ந்து கல்லாகியிருக்கும், கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் குழாய் மயிரிழையாக வெடித்திருக்கும். அந்த வழியாகக் காற்று உள்ளே போகும். காற்று கூடினால் பெட்ரோல் விகிதம் குறையும், பெட்ரோலோடுதான் ஆயிலும் வருகிறது என்பதால் அதுவும் குறையும், எஞ்சின் கூச்சலாகச் சுற்றும், பார்க்கிறவனுக்கு நல்ல பவர் மாதிரி தெரியும், கொஞ்ச நேரத்தில் பிஸ்டன் எக்ஸாஸ்ட் பக்கம் கோடு கோடாய் உரிந்து பிடித்துக்கொள்ளும். இந்த நிலையில் இருக்கிற வாளில் சைலன்சரை வெட்டினாலும் சரி, சிலிண்டரைக் கடைந்தாலும் சரி, சாவைச் சீக்கிரம் வரவழைக்கிறோம், அவ்வளவுதான்.

லீக் பார்க்க பெரிய சாமான் எதுவும் வேண்டாம். சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை வெட்டி எக்ஸாஸ்ட் துளையில் வைத்து அதன் மேல் சைலன்சரை முறுக்கினோம், கார்புரேட்டர் பக்கத்துக்கு ஒரு தகடு வெட்டி டயர் வால்வைச் செருகி அடைத்தோம், கேஜ் வைத்த கைப்பம்பால் 7 பிஎஸ்ஐ வரை மட்டும் ஏற்றினோம். பிறகு சோப்புத் தண்ணீர். பிளைவீல் பக்கம் சீல் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழியாகப் பொங்கி வந்ததைப் பார்த்து அவன் முகம் போன போக்கைச் சொல்லணும். ஏலத்தில் எடுக்கும்போது ஓட்டிப் பார்த்தானாம், "நல்லா சீறுச்சு மாமா" என்றான். சீறியதற்குக் காரணம் அந்தக் குமிழிதான்.

இரண்டு சீல், அந்த ரப்பர் குழாய், டயாஃப்ரம் எல்லாம் அடங்கிய கார்புரேட்டர் கிட், ஒரு பிஸ்டன் ரிங் மாற்றினோம். கேஜில் 115 பிஎஸ்ஐ காட்டிய கம்ப்ரஷன் 150-க்கு வந்தது. 120-க்குக் கீழே இருந்தால் திறந்து பார்க்கத்தான் வேண்டும், 150 இருந்தால் ஆரோக்கியம் என்று வைத்துக்கொள்ளலாம். கார்புரேட்டர் கிட்டை மட்டும் தள்ளிப்போடவே கூடாது. இப்போது பம்பில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய டயாஃப்ரம் அதைத் தாங்காமல் விறைத்துப்போகும். அதோடு இன்னொன்றும் இருக்கிறது. சுத்தமான பெட்ரோல் ஒரு கிராம் எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று போதும் என்றால், இந்தக் கலப்புக்கு 13.5 பக்கம்தான் தேவை. அதாவது எண்பதுகளில் வைத்த செட்டிங்கை அப்படியே விட்டால் வாள் இன்றைக்கு பெட்ரோல் போதாமல் வறண்டுதான் ஓடும். நல்லவேளையாகப் பழைய வாளில் எச் திருகு, அதாவது முழு வேகத்தில் போகிற பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கிற கார்புரேட்டர் திருகு, கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது, கொஞ்சம் திறந்தால் தீர்ந்தது. மழைக்காலத்தில் டேங்கில் பெட்ரோலை வைத்துவிட்டுப் போகாதீர்கள், எத்தனால் ஈரத்தை இழுத்து அடியில் தண்ணீராகத் தங்கும்.

சரி, இனி பவர். எல்லோரும் முதலில் கை வைப்பது சைலன்சரில். அதில் தப்பில்லை, செலவுக்குப் பலன் என்று பார்த்தால் இதற்கு ஈடு எதுவும் கிடையாது. பழைய 268-இல் புகை வெளியே வரும் வாய் சின்னது, எஞ்சின் மூச்சை அடக்கிக்கொண்டு ஓடுகிற மாதிரி. ஆனால் எவ்வளவு திறப்பது என்பதில்தான் ஆட்கள் கெடுகிறார்கள். நான் செய்வது இது: சைலன்சரைக் கழற்றி, கரி படிந்த எக்ஸாஸ்ட் துளையின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் துளையின் ஓரம் கறுப்பாகப் பதிந்துவிடும். அதைக் கிராஃப் தாளில் வைத்துக் கட்டம் எண்ணினால் துளையின் பரப்பு கிடைக்கும். சைலன்சர் வாய் அதில் முக்கால், மிஞ்சிப்போனால் 80 சதவீதம். அதற்கு மேல் வெட்டினால் சத்தம்தான் கூடும், இழுவை கூடாது. வெட்டியவுடன் எச் திருகைத் திறக்காமல் மரத்தில் வைக்கவே கூடாது, காற்று நன்றாக ஓட ஆரம்பித்தால் பெட்ரோலும் அதற்கேற்ற அளவு வேண்டும். காதால் வைக்கிற கணக்கு என்றால், முழு ஆக்சிலேட்டரில் சும்மா பிடித்திருக்கும்போது வாள் லேசாகத் தடுமாறி 'பர்ர்ர்' என்று குழறணும், மரத்தில் அழுத்தியதும் அந்தக் குழறல் போய்ச் சத்தம் சுத்தமாகணும். சும்மா இருக்கும்போதே வீணைக் கம்பி மாதிரி சுத்தமாகப் பாடுகிறது என்றால் அது வறண்டு ஓடுகிறது, உடனே திறங்கள்.

சைலன்சரில் இருக்கிற தீப்பொறித் தடுப்பு வலையைக் கழற்றி எறிகிற பழக்கம் ஒன்று இருக்கிறது, அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். டிசம்பர் கடைசியிலிருந்து ரப்பர் இலை உதிர்க்க ஆரம்பித்துவிடும், விளை, அதாவது தோட்டம், முழுக்கக் கணுக்கால் உயரத்துக்குச் சருகு கிடக்கும், முறிப்பு வேலையும் அந்த உலர்ந்த மாசங்களில்தான் மும்முரமாக நடக்கும். வாய் பெரிதாக வெட்டினால் வலையும் பெரிதாக வைத்துக்கொள்ளுங்கள். புதிய வாய் முன்பக்கம் கைக்கும் பிளாஸ்டிக்குக்கும் படாமல் பார்த்திருக்கணும். காதில் அடைப்பு இல்லாமல் இந்த வாளை ஓட்டக்கூடாது. வெட்டாத சைலன்சரே 100 டெசிபலைத் தாண்டும்.

அடுத்தது சிலிண்டருக்கு அடியில் இருக்கிற கேஸ்கெட்டை எடுத்துவிடுவது. பேச்சில் சின்ன வேலை, ஆனால் எனக்கு மிகவும் பிடித்த வேலை. சிலிண்டர் அரை மில்லிமீட்டர் கீழே இறங்குகிறது. கம்ப்ரஷன் ஏறும். எக்ஸாஸ்ட் துளை சுமார் 2 டிகிரி தாமதமாகத் திறக்கும், எரிந்த வாயு பிஸ்டனை அந்தக் கொஞ்ச நேரம் கூடுதலாகத் தள்ளும். இந்த எஞ்சினில் காற்று உள்ளே வரும் துளையை பிஸ்டனின் கீழ் ஓரம்தான் திறந்து மூடுகிறது, சிலிண்டர் இறங்கினால் அது கொஞ்சம் முன்னாடியே திறந்து கொஞ்சம் பிந்தியே மூடும், ஆக உள்ளே வரும் நேரம் கூடும். உச்ச வேகம் பெரிதாக ஏறாது, ஆனால் மரத்தில் அழுத்தும்போது எஞ்சின் விழாமல் நிற்கும். புளி மூட்டில் வைத்துப் பார்த்தவனுக்கு இது புரியும்.

இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடாது, அளந்துதான் செய்யணும். ரேடியோ ரிப்பேருக்கு வாங்குகிற சால்டர் கம்பி, ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் ஒரு துண்டு, பிளக் துளை வழியாகச் சிலிண்டர் சுவரைத் தொடும்வரை நுழைத்து, பிளைவீலைக் கையால் ஒரு சுற்று சுற்றி எடுத்தால் நுனி தகடாக நசுங்கி வரும். அந்த நுனியை வெர்னியரில் அளந்தால் பிஸ்டனுக்கும் தலைக்கும் இடையில் மிச்சம் எவ்வளவு என்று தெரியும். பிஸ்டனைக் கோத்திருக்கிற குறுக்குப் பின் (pin) போகிற திசையில் இரண்டு பக்கமும் எடுங்கள், நடுவில் எடுத்தால் பிஸ்டன் ஆடி அளவு பொய் சொல்லும். அவனுடைய வாளில் 1.05 வந்தது, கேஸ்கெட் 0.5, எடுத்தால் 0.55 மிச்சம். 0.5-க்குக் கீழே போகாதவரை சரி. கேஸ்கெட்டுக்குப் பதில் பெட்ரோலில் கரையாத பேஸ்ட்டை மெல்லிசாகப் பூசி, போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காக முறுக்கி ஒரு ராத்திரி விட்டுவிட்டோம். கம்ப்ரஷன் 170-ஐத் தாண்டியது. கயிறு இழுக்கும்போது கையைப் பிடுங்குகிற மாதிரி இருக்கும், அவன் இளந்தாரி, பரவாயில்லை.

பிளைவீல் சாவியைக் கொஞ்சம் ராவி ஸ்பார்க்கை முன்னால் தள்ளுகிறவர்களும் உண்டு. பலன் இருக்கிறது. ஆனால் கம்ப்ரஷன் ஏற்றிய வாளில் இதையும் சேர்த்தால் ஸ்டார்ட் பண்ணும்போது கயிறு திருப்பி அடிக்கும், சூட்டில் தட்டல் சத்தம் வரும். இரண்டில் ஒன்று போதும், நான் கேஸ்கெட்டைத்தான் எடுப்பேன்.

சிலிண்டர் துளைகளைக் கடைந்து பெரிதாக்குவது, அதாவது போர்ட்டிங், வீடியோவில் பார்க்க அழகாக இருக்கும். தெரிந்தவர் கையில் இந்த வாள் வேறு ஜென்மம் எடுக்கும் என்பதும் உண்மை. அது பிளைவீலில் டிகிரி வட்டம் ஒட்டி, எக்ஸாஸ்ட் எப்போது திறக்கிறது, உள்துளைகள் எப்போது திறக்கின்றன என்று குறித்து வைத்துக்கொண்டு செய்கிற வேலை. நம்மாள் டை கிரைண்டரை எடுத்து எக்ஸாஸ்டை மேலே உயர்த்துவான், அகலமும் ஆக்குவான். மேலே உயர்த்தினால் உச்ச வேகம் கூடும், கீழ் வேகத்து இழுவை போகும், நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர். அகலமாக்கினால் ரிங்குக்கு அந்த இடத்தில் தாங்கல் இல்லாமல் வெளியே பிதுங்கி ஓரத்தில் மாட்டும். எல்லாவற்றுக்கும் மேல் இந்தச் சிலிண்டர் அலுமினியம், உள்சுவரில் ஒரு மெல்லிய கடினப் பூச்சுதான் இருக்கிறது, கிரைண்டர் ஓரத்தில் ஒருமுறை துள்ளினால் பூச்சு செதிலாக உரியும், பிறகு சிலிண்டர் காயலான் கடைக்குத்தான். ஒரிஜினல் 268 சிலிண்டர் இப்போது எளிதில் கிடைக்கிற சாமான் அல்ல. பழகணும் என்றால் செத்த சிலிண்டர் இரண்டு வாங்கி அதில் பழகட்டும்.

இனி அவன் கேட்ட 272. கேள்வியில் நியாயம் இருக்கிறது. 61, 266, 268, 272 எல்லாம் ஒரே குடும்பம், பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிற தூரம், அதாவது ஸ்ட்ரோக், 34 மி.மீ. 268-க்கு பிஸ்டன் விட்டம் 50, 272-க்கு 52. 66.7 சிசி 72.2 ஆகிறது, எட்டு சதவீதம் கூடுதல். 272 சிலிண்டர் இதன் கிராங்க் கேஸில் அப்படியே உட்காரும். ஒரிஜினல் 272 சிலிண்டரும் பிஸ்டனும் நல்ல நிலையில் கைக்கு வந்தால் யோசிக்காமல் போடலாம், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. சிக்கல் என்னவென்றால் நம் கைக்கு வருவது அது அல்ல.

2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் அடித்தது நினைவிருக்கும். விடிந்து பார்த்தால் விளை விளையாக ரப்பர் சாய்ந்து கிடந்தது, ரோடெல்லாம் மரம், நாள் கணக்காகக் கரண்டு இல்லை. வாள் வைத்திருந்தவனுக்கு உறக்கம் கிடையாது. விழுந்த ரப்பர் தடியைச் சீக்கிரம் அறுத்து லாரியில் ஏற்றி கேரளத்து மரச் சந்தையான பெரும்பாவூருக்கு அனுப்பாவிட்டால் நீலம் பாய்ந்து வண்டு விழும், காசு பாதியாகும். அந்த அவசரத்தில் என் வாளுக்கு இன்னும் பவர் இருந்தால் நன்றாயிருக்கும் என்று ஒரு 52 மி.மீ. செட்டை வரவழைத்தேன். பேர் தெரியாத கம்பெனி, விலை ஒரிஜினலில் கால்வாசிகூட இல்லை. டப்பாவைத் திறந்ததும் பளபளவென்று இருந்தது, அந்தப் பளபளப்பில் மயங்கித் துளை ஓரத்தை விரலால் தடவிப் பார்க்காமல் மாட்டிவிட்டேன். முதல் டேங்க் அமர்க்களம். இரண்டாவதும். மூன்றாவது டேங்க் பாதியில், ஒரு மரத்தின் அடியை அறுத்துக்கொண்டிருக்கும்போது உலோகம் நொறுங்குகிற சத்தம் ஒன்று, பிறகு கயிறு இழுத்தால் எதிர்ப்பே இல்லை.

திறந்து பார்த்தால் ரிங் மூன்று துண்டு. எக்ஸாஸ்ட் துளையின் ஓரம் பிளேடு மாதிரி கூர்மையாக இருந்தது, ஓரத்தை மழித்து வழவழப்பாக்கவே இல்லை. ரிங் ஒவ்வொரு தடவையும் அதில் உரசி உரசிக் கடைசியில் மாட்டிக்கொண்டது. உடைந்த துண்டு தலையையும் கொத்திவிட்டது. விற்றவனிடம் கேட்டால் ஆயில் கலப்பு சரியில்லை என்றான். 40-க்கு 1, லிட்டருக்கு 25 மில்லி, அளந்து ஊற்றுகிறவனிடம் சொல்கிற பேச்சா அது? அதைவிட வருத்தம், ஊரெல்லாம் வேலை கிடக்கும்போது பத்து நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் பழைய 50 மி.மீ. சிலிண்டரையே துடைத்துத் திருப்பி மாட்டினேன், அது இன்றைக்கும் ஓடுகிறது.

அதனால் மலிவு செட்தான் போடுவேன் என்று அடம்பிடிக்கிறவர்கள் குறைந்தபட்சம் எல்லாத் துளை ஓரத்தையும் மெல்லிய உப்புத்தாளால் நேரம் எடுத்துச் சாய்த்துவிடுங்கள், ரிங்கை வெறும் சிலிண்டரில் வைத்து இடைவெளி பாருங்கள், பிஸ்டன் பின்னின் அளவும் பழையதும் ஒன்றுதானா என்று பாருங்கள், கூடவே வருகிற பின் லாக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்லதாக வாங்கிப் போடுங்கள். இவ்வளவும் செய்து கிடைப்பது எட்டு சதவீதம்.

புதுசு வாங்குவது பற்றி. தினமும் காலையிலிருந்து சாயங்காலம் வரை வாள் பிடிக்கிறவன் என்றால் புதுசுதான், இதில் பழைய பாசம் பேசக்கூடாது. புது எஞ்சின்கள் பெட்ரோல் குறைவாகக் குடிக்கும், அதிர்வு குறைவு. பழைய 268-ஐ நாள் முழுக்கப் பிடித்தவனுக்கு ராத்திரி விரல் மரத்துப்போய்ச் சோறு பிசையவே முடியாது. வருஷக்கணக்கில் இப்படிப் போனால் குளிரில் விரல் நுனி வெளுத்து உணர்ச்சி இல்லாமல் ஆகிவிடும், அது சரியாகாத கேடு. அக்கா மகன் வாரத்தில் இரண்டு நாள்தான் முறிப்புக்குப் போகிறான், மிச்ச நாள் ஆட்டோ. அவனுக்குப் பழையது போதும், அதிர்வைத் தாங்குகிற ரப்பர்களை மட்டும் புதிதாக மாற்றச் சொல்லியிருக்கிறேன், செயின் பிரேக்கையும் காலையில் ஒவ்வொரு தடவையும் தட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

ஆக, சீல், கிட், ரிங் முதலில். பிறகு செயின். பிறகு சைலன்சர், கேஸ்கெட். அவ்வளவோடு நிறுத்தினோம். ஒவ்வொரு படி முடிந்ததும் ஒரே ரப்பர் தடியில், 14 இஞ்ச் கனம், போனில் நேரம் பிடித்தோம். வந்த கோலத்தில் ஒரு துண்டு விழ 16 செகண்டு. லீக் அடைத்து, 5.5 மி.மீ. ராவுக்கோலால் பல் கூராக்கி, பல்லுக்கு முன்னால் நிற்கிற முட்டுகளைப் பல்லைவிட 0.65 மி.மீ. தாழ இறக்கியபின் 9. சைலன்சரும் கேஸ்கெட்டும் முடிந்தபின் 7. பதினாறிலிருந்து ஒன்பதுக்கு வந்ததில் எஞ்சினைக் கூட்டுகிற வேலை எதுவுமே இல்லை என்பதை அவன் இரண்டு தடவை வாய்விட்டுச் சொன்னான், மூன்றாவது தடவை சொல்லும்போது கொஞ்சம் ஏமாற்றமாகவே சொன்னான்.

இப்போது ஏழு பல் ஸ்ப்ராக்கெட்டுக்குப் பதில் எட்டு பல் போடலாமா என்று கேட்கிறான். செயின் வேகம் 14 சதவீதம் ஏறும், இழுவை ஏறத்தாழ அந்த அளவுக்கு இறங்கும். ரப்பருக்கு மட்டும் என்றால் போடலாம், கழற்றி மாட்ட அரை மணி நேரம் ஆகாது. புளி மரம் வந்தால் ஏழுக்குத் திரும்பணும். வாங்கிக்கொண்டு வா, பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.